சால்மன் மீனும் சிவில் என்ஜினியரும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"சிவில் படிச்சவனுக்கும் மீனுக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று தலைப்பைப் பார்த்ததுமே என் வகுப்பு நண்பர்கள் கேலி செய்தார்கள். சம்பந்தம் இருக்கிறது. பத்து நிமிடம் பொறுமையாகக் கேளுங்கள்.

பசிபிக் சால்மன் ஓர் அதிசயமான மீன். ஆற்றின் தலைப்பகுதியில், கூழாங்கற்களுக்கு நடுவே பிறக்கிறது. கடலுக்குப் போய் வளர்கிறது. பிறகு பிறந்த ஓடையையே வாசனை பிடித்துத் தேடி வந்து, முட்டையிட்டு, அங்கேயே உயிரை விடுகிறது. அந்த மோப்ப சக்திக்குச் செம்புதான் எமன். ஒரு லிட்டர் தண்ணீரில் செம்பு இயல்பைவிடச் சில மைக்ரோகிராம் கூடினாலே மோப்பம் மழுங்கிவிடும்.

இப்போது நம் விஷயத்துக்கு வருவோம். இன்றைய பெரிய செம்புச் சுரங்கங்கள் பலவற்றில் தாதுவில் உள்ள செம்பு ஒரு சதவீதம்கூடத் தேறாது. மீதியெல்லாம் அரைத்த சேறு. அதை அணை கட்டித் தேக்குகிறார்கள். அந்தச் சேற்றில் பைரைட் இருந்தால், காற்றும் நீரும் பட்டுக் கந்தக அமிலம் உண்டாகும். சுரங்கம் சில பத்தாண்டுகளில் மூடப்படும். அணையோ காலாகாலத்துக்கும் நிற்க வேண்டும். அதைக் கட்டுவது யார்? நாம்தானே!

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மவுண்ட் பாலி என்ற செம்பு, தங்கச் சுரங்கம். 2014 ஆகஸ்ட் 4 அதிகாலையில் அதன் கழிவு அணை உடைந்தது. சுமார் 2.5 கோடி கன மீட்டர் நீரும் சேறும் ஹேசல்டைன் ஓடையை அடித்துக்கொண்டு போய்க் கெனல் ஏரியில் கொட்டின. ஃபிரேசர் ஆற்று சாக்கை சால்மன் வந்து சேரும் ஏரி அது.

மூன்று பொறியாளர்கள் கொண்ட குழு விசாரித்து, 2015 ஜனவரியில் அறிக்கை தந்தது. அடித்தளத்துக்குக் கீழே, பழைய பனி ஏரியில் படிந்த பலவீனமான களிமண் அடுக்கு ஒன்று இருந்தது. மண் ஆய்வில் அதன் குணம் சரியாகப் பிடிபடவில்லை. போதாக்குறைக்கு, அணைச் சரிவு 1.3-க்கு 1 என்று செங்குத்தாக ஏற்றப்பட்டிருந்தது. முதல் வடிவமைப்பில் சொன்னபடி 2-க்கு 1 வைத்திருந்தால் அணை உடைந்திருக்காது என்றது குழு. நம் சாயில் மெக்கானிக்ஸ் வகுப்புப் பாடம்தானே இது! "பாஸ் பண்ணினா போதும்" என்று நாம் நினைக்கிற பாடம்.

அடுத்து அலாஸ்கா. உலகின் சாக்கை சால்மனில் ஏறக்குறைய பாதி பிரிஸ்டல் விரிகுடாவிலிருந்து வருகிறது. அங்கே பாயும் நுஷகாக், க்விசாக் ஆறுகளின் தலைப்பகுதியில்தான் பெபிள் என்ற பெரிய செம்பு, தங்கப் படிவம் கிடக்கிறது. யூபிக், டெனைனா பழங்குடியினர் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இந்த மீனை நம்பி வாழ்கிறார்கள். 2020 நவம்பரில் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை அனுமதி மறுத்தது. 2023 ஜனவரியில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, சுத்த நீர்ச் சட்டத்தின்கீழ், அந்தச் சுரங்கத்தின் கழிவை அங்குள்ள ஓடைகளிலும் சதுப்பு நிலங்களிலும் கொட்டத் தடை விதித்தது. எதிர்த்து வழக்குகளும் தொடுக்கப்பட்டன.

"செம்பு இல்லாமல் மோட்டார் ஏது, மின்சாரம் ஏது?" என்று எலக்ட்ரிக்கல் நண்பர்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சுரங்கமே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. எந்த இடத்தில், எந்த முறையில் என்பதுதான் கேள்வி. கழிவின் நீரைப் பிழிந்தெடுத்து, உலர்ந்த மண்ணாக அடுக்கும் முறை இருக்கிறது. மவுண்ட் பாலி குழுவே அதைப் பரிந்துரைத்தது. செலவு கூடும்; ஆனால் உடைந்து பாய்வதற்கு அங்கே குளம் இருக்காது. சில இடங்களில் அதுவும் போதாது. அங்கே "வேண்டாம்" என்பதே சரியான டிசைன்.

மாணவச் செல்வங்களே! நாளை உங்கள் மேசைக்கும் ஒரு வரைபடம் வரும். "சரிவைக் கொஞ்சம் கூட்டிக்கலாம் சார், கல் மிச்சம்" என்பார்கள். கையெழுத்துப் போடுமுன், அடியில் என்ன மண் என்று கேளுங்கள். அணைக்குக் கீழே யார் இருக்கிறார்கள், எந்த நீர் ஓடுகிறது என்றும் கேளுங்கள். மீனுக்கு வாய் இல்லை. அந்தக் கேள்வியை நாம்தான் கேட்க வேண்டும்.