வேடம் புனைதலும் கதை புனைதலும்

 

வேடம் புனைதல் என்கிறோம். கதை புனைதல் என்றும் சொல்கிறோம். இரண்டிற்கும் தமிழ் ஒரே சொல்லை வைத்திருப்பது கருதத்தக்கது. பிறராக நின்று பேசிப் பார்ப்பதும், பிறர் வாழ்வை எழுதிப் பார்ப்பதும் ஒன்றையொன்று வளர்ப்பவை. இவ்வுண்மையை நம் பிள்ளைகளின் கல்வியோடு இணைத்துச் சிந்திக்க விழைகிறோம்.

நம் வட்டாரம் கூத்து வளர்ந்த மண். செஞ்சிப் பகுதியின் திரௌபதி அம்மன் விழாக்களில் விடிய விடியப் பாரதக் கூத்து நடைபெறும். திரைக்குப் பின்னிருந்து வரும் வேடதாரியை, அவர் யார், எந்நாட்டவர், எதன்பொருட்டு வந்தார் என்று கட்டியக்காரன் வினவுவான். எழுதுவோர் தம் கதைமாந்தரிடம் முதலில் கேட்க வேண்டிய வினாக்களும் இவையே. விடை தெரியாதவிடத்து எழுத்து நொண்டும். தெரிந்துவிட்டால் உரையாடல் தானே பிறக்கும்.

ஆயினும் ஆடியது மட்டும் போதாது. நம் பனமலையில் தாளகிரீசுவரர் கோயிலை எடுப்பித்தவன் இராசசிம்ம பல்லவன். அவன் முன்னோனாகிய மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் இயற்றிய ‘மத்தவிலாசம்’ என்னும் நகை நாடகம் இன்றும் படிக்கப்படுகிறது. மன்னன் எழுதியது நின்றது. நம் முன்னோர் பாடியும் பறையறைந்தும் ஆடியும் வளர்த்தவற்றுள் ஏடேறாமல் மறைந்தவை எத்தனையோ! ஆட்டம் எழுத்துக்கு உயிர் தருகிறது. எழுத்து ஆட்டத்துக்கு ஆயுள் தருகிறது.

1973-இல் பெரு நாட்டில் நடந்த எழுத்தறிவுத் திட்டத்தில் பிரேசில் நாட்டு நாடக அறிஞர் அகஸ்தோ போவால் பணியாற்றினார். மக்களின் சிக்கலை நடிகர்கள் நடித்துக் காட்டுவர். தீர்வைப் பார்வையாளர் சொல்வர். ஒரு பெண்மணி, தாம் சொன்னதை நடிகர்கள் சரியாக நடிக்கவில்லை என மீண்டும் மீண்டும் மறுத்து, இறுதியில் தாமே மேடையேறினார் என்று அவர் எழுதுகிறார். தன் கதையைத் தானே முடிக்கும் உரிமை அங்கே பிறந்தது. தமிழகத்தில் ‘பலி ஆடுகள்’ என்னும் தலித் நாடகத்தை ஆக்கிய முனைவர் கே. ஏ. குணசேகரன், 2005-இல் ‘வடு’ என்னும் தன்வரலாற்றையும் தந்தார். மேடையில் பிறர் துயரைத் தாங்கியவர், ஏட்டில் தம் வாழ்வைத் தாமே சொன்னார்.

நம் மாலை வகுப்பிலும் இதனைச் செய்யலாம். பாரதக் கூத்தின் தலைவி, அவை நடுவே நீதி கேட்டவள். அவள் பெயரால் அமைந்த மேல்பாதிக் கோயிலில் நம் மக்களுக்கு நுழைவு மறுக்கப்பட்டு, 2023 சூனில் கோயிலே முத்திரையிடப்பட்டது. உயர் நீதிமன்ற ஆணைக்குப் பின், 2025 ஏப்ரலில் நம்மவர் உட்சென்று வழிபட்டனர். இதனைப் பிள்ளைகள் நடிக்கட்டும்: வாயிலில் நிற்கும் இளைஞன், தடுப்பவர், அதிகாரி, வீட்டில் காத்திருக்கும் தாய். பின்னர் வேடங்களை மாற்றிக்கொண்டு, ஒவ்வொருவரும் ‘நான்’ என்று தொடங்கி எழுதட்டும். எழுதியதை வாய்விட்டுப் படித்து மீண்டும் நடிக்கட்டும். நாவில் ஒட்டாத வாக்கியம் தானே உதிர்ந்துவிடும். தடுப்பவரை வெறும் அரக்கனாக எழுதிய பிள்ளை, அவ்வேடத்தில் நிற்கும்போது இரண்டு சொற்களுக்கு மேல் பேச இயலாது திகைக்கும். அவர் எதற்கு அஞ்சுகிறார் என்று அப்போது எண்ணும். அறிதல் வேறு, மன்னித்தல் வேறு. எதிர்நிற்பவரை அறிந்தவரே திறம்பட வாதிடுவர்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். துப்புரவுப் பணியாளரின் மகளுக்கு அவ்வேடத்தையே அளித்துவிடாதீர்கள். ஊர் தந்த வேடத்தை வகுப்பறையும் தரலாகாது. அவள் நீதிபதியாக அமர்ந்து தீர்ப்புரைக்கட்டும். அத்தீர்ப்பை அவளே எழுதட்டும். தன் துயரத்தைச் சொல்லவேண்டும் என்று எப்பிள்ளையையும் வற்புறுத்தவும் வேண்டா. பிறர் வேடத்தின் மறைவில் தன் உண்மையைச் சொல்லிக்கொள்ளும் வசதியும் இம்முறையில் உண்டு.

வாரத்தில் ஒரு மணி நேரம் இதற்கென ஒதுக்குவோம். எழுதப்பட்டவற்றை ஆண்டுதோறும் கையெழுத்து ஏடாகத் தொகுப்போம். நூற்றாண்டுகளாக நமக்கான வேடத்தைப் பிறர் எழுதினர். இனி நம் பிள்ளைகள் எழுதட்டும். தாம் எழுதியதைத் தாமே ஆடட்டும்.