நோட்டில் திருத்த வேண்டிய ஒரு பாடம்

(பழைய மாணவர் சந்திப்பு விழாவில், வரலாற்றுத் துறை முன்னாள் ஆசிரியர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலையிலிருந்து பார்க்கிறேன். தலை நரைத்த என் மாணவர்கள் பக்கத்தில் வந்து, "சார், என்னைத் தெரியுதா?" என்று கேட்கிறார்கள். சிலரை முகத்தால் தெரியவில்லை. குரலைக் கேட்டபிறகுதான் தெரிந்தது. முப்பது வருஷப் பிரிவுக்கே இப்படி. ஐம்பது வருஷம் பிரிந்திருந்த அண்ணன் தம்பிகள் சந்தித்தால் எப்படி இருக்கும்? அதனால்தான் கொரியப் போரை இன்று பேச எடுத்துக்கொண்டேன். இன்னொரு காரணமும் உண்டு. அந்தப் பாடத்தை அன்று நான் உங்களுக்குச் சரியாக நடத்தவில்லை.

"1950 ஜூன் 25-ல் போர் மூண்டது. யார் தொடங்கியது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு." இதுதானே நான் கொடுத்த நோட்ஸ்? தேதி சரி. மற்றதைத் திருத்த வேண்டும்.

1910 முதல் 35 ஆண்டுகள் கொரியா ஜப்பானிடம் அடிமைப்பட்டுக் கிடந்தது. 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடையப் போகிறது. சோவியத் படை வடக்கே வந்துகொண்டிருக்கிறது. வாஷிங்டனில் ஒரு நள்ளிரவு. டீன் ரஸ்க், சார்லஸ் போன்ஸ்டீல் என்ற இரண்டு ராணுவ அதிகாரிகளிடம் எல்லை குறிக்கச் சொன்னார்கள். கிடைத்த அவகாசம் ஏறக்குறைய அரை மணி நேரம். தேசப்படத்தைப் பார்த்து 38-ஆம் அட்சரேகையைக் காட்டினார்கள். வடக்கே சோவியத், தெற்கே அமெரிக்கா. ஸ்டாலினும் ஒப்புக்கொண்டார். ஜப்பானியப் படையிடம் ஆயுதம் வாங்குவதற்கான தற்காலிக ஏற்பாடு என்றுதான் சொன்னார்கள். கொரியர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தத் தற்காலிகம் 1948-ல் இரண்டு அரசாங்கங்கள் ஆயிற்று. தெற்கே சிங்மன் ரீ, வடக்கே கிம் இல் சுங். இருவருமே முழு நாடும் எனக்கு என்றார்கள். அதே ஆண்டு ஜெஜு தீவில் மூண்ட கிளர்ச்சியைத் தென்கொரிய அரசு அடக்கியபோது ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். ஆக, 1950-க்கு முன்பே சகோதர ரத்தம் சிந்திவிட்டது.

படையெடுத்தது வடக்கு. இதில் இனிச் சந்தேகமில்லை. கிம் திரும்பத் திரும்பக் கேட்டு, 1950-ல் ஸ்டாலின் அனுமதி தந்ததையும், மாவோ இசைந்ததையும் 1990-களில் வெளியான சோவியத் ஆவணங்கள் காட்டிவிட்டன. வடக்கே படை நடத்துவோம் என்று ரீயும் பேசிக்கொண்டுதான் இருந்தார். அதற்கு வேண்டிய கனரக ஆயுதங்களை அமெரிக்கா தரவில்லை.

மூன்றே நாளில் சியோல் விழுந்தது. அமெரிக்கா தலைமையில் 16 நாட்டுப் படைகள் ஐ.நா. கொடியின் கீழ் வந்தன. செப்டம்பர் 15-ல் மக்ஆர்தர் இன்சோனில் இறங்கிப் போரைத் திருப்பினார். அங்கே நிறுத்தியிருக்கலாம். அமெரிக்கப் படை 38-ஐத் தாண்டினால் சும்மா இருக்க மாட்டோம் என்று சூ என் லாய், நம் தூதர் கே.எம். பணிக்கரை நள்ளிரவில் அழைத்துச் சொன்னார். அந்த எச்சரிக்கையை வாஷிங்டன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சீனப் படை யாலு நதியைக் கடந்தது. சியோல் நகரம் ஒன்பது மாதத்தில் நான்கு முறை கை மாறியது. அந்த ஊர் ஜனங்கள் எந்தக் கொடியை வெளியே வைப்பது, எதை ஒளிப்பது?

1951 ஜூலையில் சமாதானப் பேச்சு ஆரம்பித்தது. கைதிகளை விருப்பமில்லாமல் திருப்பி அனுப்பலாமா என்ற கேள்வியில் இழுத்து, 1953 ஜூலை 27-ல்தான் போர் நின்றது. இறந்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். எல்லை? ஏறக்குறைய புறப்பட்ட இடத்திலேயே! நின்றது சண்டைதான், சமாதான உடன்படிக்கை இன்றுவரை இல்லை.

ஊர் திரும்ப மறுத்த கைதிகளைப் பாதுகாக்கும் பொறுப்பு, ஜெனரல் திம்மய்யா தலைமையில் நம் நாட்டுக்கு வந்தது. அவர்களில் 88 பேர் இரண்டு பக்கமும் வேண்டாம் என்றார்கள். 76 பேர் கொரியர், 12 பேர் சீனர். 1954 பிப்ரவரியில் அவர்களை ஏற்றி வந்த கப்பல் நம் சென்னையில்தான் வந்து நின்றது. சொந்த நாடு இரண்டாக இருந்தும் போக ஓர் ஊர் இல்லாதவர்கள்!

பிரிந்த குடும்பங்களின் சந்திப்பு 2000 ஆகஸ்ட் முதல் பல முறை நடந்தது. 2018-க்குப் பிறகு இல்லை. தெற்கில் மட்டும் 1,30,000-க்கும் மேற்பட்டோர் பெயர் கொடுத்திருந்தார்கள். வாய்ப்புக் கிடைத்தவர்கள் சிலரே. காத்திருந்தே கண்மூடியவர்கள் பலர். கிடைத்தவர்களுக்கும் மூன்று நாள், அதிலும் சில மணி நேரம். அப்புறம் பஸ் ஏறி, கண்ணாடி வழியே கையசைப்பு.

மாணவச் செல்வங்களே, போர் எந்தத் தேதியில் மூண்டது என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அதற்கு முன் யாரைக் கேட்காமல் என்ன முடிவு செய்தார்கள் என்பதையும் தேடிப் படியுங்கள். பழைய மாணவர்களே, அந்த நோட்டு யாரிடமாவது பத்திரமாக இருந்தால், அந்த ஒரு வரியைத் திருத்திக்கொள்ளுங்கள். இன்று மத்தியானச் சாப்பாட்டில் பக்கத்தில் உட்காருபவரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். நமக்கு யாரும் மணி அடிக்கப் போவதில்லை.