குறுந்தகட்டிலிருந்து குறையாமல்



தூத்துக்குடி பனிமய மாதா பேராலயத்துத் தங்கத்தேர் ஆண்டுதோறும் ஓடுவதில்லை. 2007இல் ஓடியது, பிறகு 2013இல், அதன்பின் 2023இல். அதனால் 2007 ஆகஸ்ட் 5 அன்று எடுத்த வீடியோ யார் வீட்டு டிவிடியில் கிடந்தாலும் அது லேசுப்பட்ட சொத்தில்லை. வடம் பிடித்தவர்களில் எத்தனையோ பேர் இன்று நம்மோடு இல்லை. அதைப் போட்டுப் பார்க்க ப்ளேயரும் பல வீடுகளில் இல்லை. கம்ப்யூட்டரில் ஏற்றிவைக்கத்தான் வேண்டும். அதையும் ஒரு கைத்தொழிலின் நேர்த்தியோடு செய்யலாம் என்று சொல்லவே வந்திருக்கிறேன்.

கடையில் விற்ற சினிமா டிவிடிகளை இதில் சேர்க்கவில்லை. அவற்றில் பலவற்றுக்கு நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு உண்டு. பூட்டை உடைப்பது பற்றிக் காப்புரிமைச் சட்டத்தில் 2012இல் தனிப் பிரிவே சேர்த்தார்கள். நம் பேச்சு வீட்டுப் பதிவுகளைப் பற்றியது.

வீட்டில் எழுதிய டிவிடியில் படம் பதிந்திருப்பது மெல்லிய சாயப் படலம் ஒன்றில். வெயிலும் வெக்கையும் அதை மங்கவைக்கும். ஆகவே முதல் வேலை, தகட்டில் உள்ளதை உள்ளபடியே ஹார்டு டிஸ்க்கில் இறக்கிவிடுவது. சாதாரணத் தகடு ஒன்றுக்கு அதிகம் போனால் 4.7 ஜிபி. கீறல் விழுந்த தகடு ஒரு டிரைவில் படிக்காவிட்டால் இன்னொன்றில் போட்டுப் பாருங்கள். பல நேரம் படித்துவிடும்.

பிறகுதான் சுருக்குவது. பலர் கெடுப்பது இங்கேதான். நம் நாட்டு டிவிடி படத்தின் அளவு 720-க்கு 576 புள்ளி. அந்தக் காலத்துக் கேமரா நொடிக்கு 50 அரைப்படம் எடுத்தது: ஒருமுறை ஒற்றைப்படை வரிகள், மறுமுறை இரட்டைப்படை வரிகள். பழைய டிவியில் இது தெரியாது. செல்போனில் பார்த்தால், வடத்தை இழுக்கும் கை அசையும்போது அதன் ஓரம் சீப்புப் பல் மாதிரி பிளந்து நிற்கும். அவசரக்காரர்கள் பாதி வரிகளைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். பல் மறையும், கூடவே பாதி அசைவும் போய்விடும். கூட்டம் வெட்டி வெட்டி நகரும். அரைப்படம் ஒவ்வொன்றையும் முழுப்படமாக்கி, நொடிக்கு 50 என்றே வைப்பதுதான் முறை. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளிலேயே அதற்கு வழி இருக்கிறது.

வடிவத்தையும் கவனியுங்கள். நாலுக்கு மூன்று அளவில் எடுத்த படத்தை அகலத்திரைக்கு இழுத்தால் தேர் குட்டையாகி, மாதாவின் முகமே மாறிவிடும். எனக்கு அது பொறுக்காது. பெரிதாக்கி ‘எச்டி’ என்று பெயர் சூட்டுவதும் வேண்டாம். தகட்டில் இல்லாத நுணுக்கம் எங்கிருந்து வரும்?

சுருக்கும்போது தரத்தைத் தீர்மானிக்க ஹேண்ட்பிரேக்கில் ஓர் எண் உண்டு. எச்.264 என்ற சுருக்கு முறையில் 18 முதல் 20 வரை வைத்தால் டிவிடி படம் கண்ணுக்குக் குறை தெரியாமல் வரும். எண் கூடக் கூட ஃபைல் சிறுக்கும், படமும் தேயும். முழுப் படத்தையும் ஓட்டுமுன், தலைகள் நெருங்கி அசையும் இரண்டு நிமிடத்தை மட்டும் 18, 22, 26 என மூன்று விதமாக எடுத்து, பெரிய திரையில் அடுத்தடுத்துப் பாருங்கள். உங்கள் கண்ணே தீர்ப்புச் சொல்லும். ஒலியைத் தொடவே வேண்டாம், இருக்கிறபடி சேர்த்துவிடுங்கள்.

முடிந்ததும் ஒரு பிரதியை வேறு வீட்டில் வையுங்கள். வீட்டுப் பெரியவர்களைத் திரை முன் உட்காரவைத்து, தெரியும் முகங்கள் யார் யாரென்று கேட்டு எழுதி, அந்தத் தாளையும் அதே ஃபோல்டரில் சேர்த்துவிடுங்கள்.