பாட்டுக்கு உடையவர் பெயர் வேண்டும்



‘சினிமாவுக்கு வெளியே ஒரு பாட்டுக்காரர்’ என்று மங்கலம் வாசகர் வட்டத்தார் எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நம் ஊரில் கல்யாணமா, காதுகுத்தா, சீர் வரிசையா, எதுவானாலும் ரேடியோ செட் கட்டிவிட்டால் ஒலிப்பது சினிமாப் பாட்டுத்தான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சினிமாப் பாட்டு கதாநாயகனுக்காகப் பிறப்பது. தன் வாழ்க்கையைத் தானே எழுதி, தானே மெட்டுக் கட்டி, தன் தொண்டையாலேயே பாடுகிற ஒருவருக்கு இந்த நாட்டில் எங்கே மேடை இருக்கிறது? அப்படி ஒரு மேடையைத் தேடி நடந்தவர் அறிவு. அவரைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

அறிவு அரக்கோணத்துப் பிள்ளை. 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் ஒரு மேடை போட்டார்கள். இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு அன்றுதான் முதன்முதலாகப் பாடியது. பத்தொன்பது கலைஞர்கள். பறையும் சட்டியும் ஒரு பக்கம், கிடாரும் டிரம்ஸும் மறுபக்கம், நடுவிலே கானா. அயோத்திதாசப் பண்டிதர் நூறு ஆண்டுகளுக்கு முன்னாலேயே பேசிய சாதிபேதமற்ற தமிழர் என்ற கருத்திலிருந்துதான் குழுவுக்குப் பெயர் எடுத்தார்கள். சாவு வீட்டுக்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்த வாத்தியங்கள் சபையின் நடுவே வந்து நின்றன. அந்தக் குழுவில் ராப் பாடிய இளைஞர்தான் அறிவு. அடுத்த ஆண்டே, 2019-இல், ஓஃப்ரோ என்ற இசைக் கலைஞரோடு சேர்ந்து ‘தெருக்குறள்’ ஆல்பத்தை வெளியிட்டார். அதற்குப் படமும் இல்லை, கதாநாயகனும் இல்லை.

2021 மார்ச்சில் வந்தது ‘என்ஜாய் எஞ்சாமி’. சந்தோஷ் நாராயணன் இசை. பாடகி தீயும் அறிவும் பாடினார்கள். யூடியூபில் நாற்பது கோடி முறைக்கு மேல் பார்க்கப்பட்ட பாட்டு அது. அதன் வேர் எங்கே இருக்கிறது? அறிவின் பாட்டி வள்ளியம்மாளிடம். நிலமில்லாமல் கடல் தாண்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் பிழைக்கப் போன சனத்தில் ஒருவர் அவர். 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். அந்தத் தோட்டச் சனத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தர வேண்டும் என்று எண்ணிக்கை வைத்து மனிதர்களைப் பிரித்தார்கள். அப்படித் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் நம் பக்கத்து நீலகிரியில் அரசு டேன்டீ தோட்டங்களைத் தொடங்கியது. அந்தத் தலைமுறையின் துயரம் ஒப்பாரியாகப் பாட்டிகளின் நெஞ்சில் தங்கியது. பேரன் அதை எடுத்து ராப் ஆக்கினார். பிறகு ‘வள்ளியம்மா பேராண்டி’ என்று ஓர் ஆல்பத்துக்கே பெயர் வைத்தார். பாட்டியின் பெயரைப் பட்டம்போல் சூட்டிக்கொண்ட பேரன் அவர்!

இது நம் நாட்டில் மட்டும் நடக்கிற கதை அல்ல. அல்ஜீரியாவில் சுவாத் மாசி என்று ஒரு பெண். அல்ஜியர்ஸ் நகரத்தின் உழைப்பாளர் பேட்டையில் வளர்ந்து, கையில் கிடார் எடுத்து, ராக் குழுவில் பாடினார். உள்நாட்டுப் போர்க் காலம். பாடியதற்காக மிரட்டல் வந்தது. 1999-இல் பாரிஸ் போனார். 2001-இல் ‘ராவி’ என்ற முதல் ஆல்பம். தன் மண்ணின் மெட்டும் மேற்கத்திய கிடாரும் கலந்து, பெரும்பாலும் அரபியிலேயே எழுதிப் பாடி உலகம் சுற்றினார். ஊரை விட்டு விரட்டப்பட்டும் மொழியை விடவில்லை அந்தத் தாய்.

நண்பர்களே, இப்படிப்பட்டவர்களுக்கு நாம் என்ன மரியாதை செய்கிறோம்? 2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழ், ‘என்ஜாய் எஞ்சாமி’யையும் ‘நீயே ஒளி’யையும் கொண்டாடி அட்டைப்படம் போட்டது. இரண்டு பாட்டிலும் அறிவின் வரிகள் இருந்தன. அட்டையில் அறிவு இல்லை. பா. ரஞ்சித் கேள்வி எழுப்பினார், பலரும் கேட்டார்கள், அதற்குப் பிறகுதான் அறிவின் படம் தாங்கிய இணைய அட்டை வந்தது. மறு ஆண்டு சென்னைச் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமலே ‘என்ஜாய் எஞ்சாமி’ ஒலித்தது. யார் எதைச் செய்தார் என்று பாட்டை உருவாக்கியவர்களுக்குள்ளேயே வெளிப்படையாக விவாதம் நடந்தது. அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் 2024-இல் சந்தோஷ் நாராயணனே சொன்னார், இந்தப் பாட்டால் தங்களுக்கு ஒரு ரூபாய் வருமானம்கூட வரவில்லை என்று. கோடிக் கணக்கில் கேட்கப்பட்ட பாட்டுக்கு இந்த நிலை என்றால், திருவிழாவில் விடிய விடியப் பாடுகிறவரின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

மங்கலத்துக்காரர்களுக்கு இந்த வலியை விளக்க வேண்டியதில்லை. இங்கே தறி ஓட்டுவது நாம், பாவும் நூலும் வேறொருவருடையது. பவர் டேபிளில் உட்கார்ந்து பனியன் தைப்பது நம் பிள்ளைகள், கழுத்திலே ஏறுகிற லேபிள் கடல் கடந்த ஒரு கம்பெனியுடையது. துணியிலே நம் பெயர் வராது என்பது தொழிலின் விதியாக இருக்கலாம். பாட்டிலே அந்த விதியை நாம் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்?

பெயர் காத்த முன்மாதிரி நம் கொங்கு மண்ணிலேயே இருக்கிறது. 1965-இல் பிரெண்டா பெக் என்ற ஆய்வாளர் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி, கொங்குக் கதைப்பாடலான அண்ணன்மார் கதையை நாடாவில் பதிவு செய்தார். பாடியவர்கள் ஈ.சி. ராமசாமி, ஓலப்பாளையம் பழனிச்சாமி. அந்தக் கதை புத்தகமானபோது அவர்கள் பெயரும் கூடவே போனது. அதனால்தான் இந்த மேடையில் அவர்களை என்னால் பெயர் சொல்லிக் கூப்பிட முடிகிறது.

ஆகவே இந்த வாசகர் வட்டத்திடம் நான் கேட்பது இதுதான். நம் ஊர்த் திருவிழா மேடையில் ஓர் இரவையாவது சொந்தப் பாட்டு எழுதுகிறவர்களுக்கு ஒதுக்குங்கள். பாட்டு முடிந்ததும் எழுதியவர் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லுங்கள். சால்வை போட்டு அனுப்பிவிடாதீர்கள். பேசிய தொகையை, சனிக்கிழமைச் சம்பளம்போல அன்றைக்கே கையில் கொடுங்கள். உங்கள் வீட்டு அப்பத்தாவின் கும்மியையும் தாலாட்டையும் செல்போனில் பிடித்து, அவர் பெயரும் ஊரும் சேர்த்து எழுதி வையுங்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம்மோடு வேலை செய்கிற தம்பிகளையும் அந்த மேடைக்குக் கூப்பிடுங்கள். அவர்கள் நெஞ்சிலும் பாட்டு இருக்கிறது. தேயிலைத் தோட்டத்துச் சனம் பாடியது போல, பிழைக்க வந்த இடத்தில் பாடுகிற பாட்டு அது.

அடுத்த அறிவு அரக்கோணத்திலிருந்துதான் வர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இந்த மங்கலத்திலிருந்து வரட்டும். வருகிற அன்று, அவர் பாட்டுக்கு அவர் பெயரை முதலில் சொல்கிற ஊர் நம் ஊராக இருக்கட்டும்.