ஓடுகிற பிள்ளையை நிறுத்தாதீர்கள்
(பரிசளிப்பு விழாவில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)

 

இந்த மேசைமேல் இருக்கும் கிண்ணங்களைப் பாருங்கள். ஓட்டப் பந்தயக் கிண்ணங்களில் பாதியைப் பெண் பிள்ளைகள்தான் வாங்கப் போகிறார்கள். நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் ஆறாம் ஆண்டு முடிந்து இடைநிலைப்பள்ளிக்குப் போனபிறகு இவர்களில் எத்தனை பேர் ஓடுகிறார்கள்? "வயசுக்கு வந்த பிள்ளை, இனிமே எதுக்கு டீச்சர் ஓட்டம்?" என்கிறார் அம்மா. "சாயங்காலம் யார் போய்க் கூட்டிக்கிட்டு வர்றது?" என்கிறார் அப்பா. அதோடு ஓட்டம் நின்றுவிடுகிறது.

நானும் குற்றமற்றவள் அல்ல. நன்றாக ஓடிய ஒரு மாணவியிடம், "போதும்மா, இனி படிப்பைப் பாரு" என்று நானே சொல்லியிருக்கிறேன். அவள் ஓட்டத்தை விட்டாள், படிப்பிலும் முன்னேறவில்லை. அந்தக் குறை இன்னும் என் மனத்தை விட்டுப் போகவில்லை.

நம் பெண்களால் முடியுமா என்று கேட்பவர்களுக்கு எம். ராஜாமணி அவர்களை ஞாபகப்படுத்துகிறேன். பேராக் மாநிலத்துத் தாப்பாவில் 1943இல் பிறந்தவர். 1964இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓடினார். பெண்களுக்கான 400 மீட்டர் ஓட்டம் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டதே அந்த ஆண்டில்தான். 1965இல் கோலாலம்பூரில் நடந்த தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுப் போட்டியில் 200, 400, 800 மீட்டர் மூன்றிலும் தங்கம் வென்றார். 1966இல் பேங்காக் ஆசிய விளையாட்டிலும் 400 மீட்டரில் தங்கம். நாட்டின் சிறந்த விளையாட்டு வீராங்கனை விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவரும் அவரே.

ஒரு ராஜாமணி தம் திறமையால் வந்துவிடலாம். பத்துப் பேர் வரவேண்டுமானால் யாராவது கூடவே நின்று வளர்க்க வேண்டும். அமெரிக்காவில் அப்படி நின்றவர் பாட் சம்மிட் என்ற பெண்மணி. பால்மாடு வைத்திருந்த விவசாயியின் மகள். அவர்கள் ஊர்ப் பள்ளியில் பெண்களுக்குக் கூடைப்பந்துக் குழு இல்லை என்பதற்காக, அவருடைய தகப்பனார் குடும்பத்தையே வேறிடத்துக்கு மாற்றினார்.

கல்வியில் பெண்களுக்குப் பாகுபாடு காட்டக்கூடாது என்று அமெரிக்கா 1972இல் சட்டம் போட்டது. சட்டம் வந்தால் மட்டும் போதுமா? 1974இல் டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் குழுவுக்குச் சம்மிட் பயிற்றுநரானபோது அவருக்கு வயது 22. மாதச் சம்பளம் 250 டாலர். குழுவின் சீருடைகளை அவரே துவைத்தார். வேனையும் அவரே ஓட்டினார். 38 பருவங்களில் அவர் குழு 1,098 ஆட்டங்களில் வென்றது. 8 முறை தேசிய வெற்றியாளரானது. விளையாட்டால் படிப்பு கெடும் என்று பயப்படுகிற பெற்றோர்களே, இதைக் கவனியுங்கள்: அவரிடம் முழுக்காலமும் விளையாடிய ஒவ்வொரு மாணவியும் பட்டம் வாங்கினார். 2016இல் அவர் காலமானார். அவர் வளர்த்த பெண்களில் பலர் பின்னர் பயிற்றுநர்களாகவே ஆனார்கள்.

நம் நாட்டிலும் அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக்கு 100 புள்ளியில் 10 புள்ளி புறப்பாட நடவடிக்கைக்கு உண்டு. ஆகவே திடலில் செலவாகும் நேரம் வீண் இல்லை.

நம்மிடம் பெரிய அரங்கம் இல்லை. ஒரு திடல் இருக்கிறது. செவ்வாய், வியாழன் மாலை ஐந்து மணிக்கு நான் அங்கே இருப்பேன். இடைநிலைப்பள்ளிக்குப் போய்விட்ட நம் முன்னாள் மாணவிகளும் வரலாம். தாய்மார்களும் வந்து உட்கார்ந்து பார்க்கலாம். மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் தகப்பன்மார்கள் முறை வைத்துக்கொண்டு பிள்ளைகளை அழைத்துப் போனால் இருட்டைப் பற்றிய கவலையும் தீரும். ஒரு வீட்டுக்கு மாதத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோதான் வரும்.

இன்று கிண்ணம் வாங்கும் பெண் பிள்ளைகளே, அதை அலமாரியில் வைத்துவிட்டு, செவ்வாய்க்கிழமை திடலுக்கு வாருங்கள். பெற்றோர்களே, தயவுசெய்து அனுப்பி வையுங்கள்.