நிறம் படிக்க லயத்து வாசலே போதும்

(சிறுவர் அபிவிருத்தி நிலையப் பெற்றோர் கூட்டத்தில் நிலைய ஊழியர்கள் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)

 

"பிள்ளைக்கு மூணு வயசாச்சு. சிவப்பு எது, பச்சை எதுன்னு கேட்டா முழிக்குது" என்று தாய்மார் எங்களிடம் கவலைப்படுவதுண்டு. சிலர் அதட்டுகிறார்கள். சிலர் "மக்கு" என்று பட்டமும் வைத்துவிடுகிறார்கள். அது வேண்டாம். பிறந்து நாலைந்து மாதத்திலேயே பிள்ளையின் கண் நிறங்களைப் பிரித்துப் பார்க்கிறது. ஆனால் பேர் சொல்வது வேறு வேலை. பந்தைக் கையில் பிடிக்கலாம். சிவப்பைப் பிடிக்க முடியுமா? பூவும் சிவப்பு, மிளகாயும் சிவப்பு, இ.போ.ச. பஸ்ஸும் சிவப்பு என்றால் பிள்ளை குழம்பத்தானே செய்யும்? பெரும்பாலான பிள்ளைகள் 3, 4 வயதில்தான் நிறங்களின் பேரைச் சரியாகச் சொல்லப் பழகுகிறார்கள்.

எப்படிப் பழக்குவது? முதலில் இரண்டு நிறம் மட்டும் எடுங்கள். ஒரு மஞ்சள் பூவைக் காட்டி, "இதே மாதிரி இன்னொண்ணு கொண்டு வா" என்று சொல்லுங்கள். அது பழகிய பிறகு, "மஞ்சளை எடு" என்று கேளுங்கள். கடைசியில்தான் "இது என்ன கலர்?" என்ற கேள்வி. பிழையாகச் சொன்னால் ஏச வேண்டாம். "இது பச்சை" என்று சொல்லிவிட்டு விளையாட்டைத் தொடருங்கள்.

வாசிப்பு என்றதும் "எங்களுக்கு எழுத்து தெரியாதே" என்று ஒதுங்க வேண்டாம். படம் பார்த்துப் பேசுவதும் வாசிப்புத்தான். பழைய கலண்டர், பிஸ்கட் பெட்டிகளில் உள்ள படங்களை வெட்டி, பக்கத்துக்கு ஒரு நிறமாக ஒட்டித் தைத்தால் ஒரு புத்தகம் தயார். இரவில் பிள்ளையை மடியில் வைத்து, "காகம் என்ன நிறம்? கரட் என்ன நிறம்?" என்று விரல் வைத்துக் கேளுங்கள்.

பாட்டுக்கு நாம் எங்கே போக வேண்டும்? கும்மியும் தாலாட்டும் நம்மிடம் இருக்கின்றன. தெரிந்த மெட்டில் "பச்சைச் சட்டை எழும்பி வா, மஞ்சள் சட்டை குந்திக்கோ" என்று பாடுங்கள். பிள்ளைகள் தங்கள் சட்டையைத் தாங்களே பார்த்து ஆடுவார்கள்.

நிறம் பார்ப்பதில் உங்களுக்கு யார் சொல்லித்தர வேண்டும்? இளம்பச்சைக் கொழுந்தையும் கரும்பச்சை முற்றல் இலையையும் பார்த்த உடனே பிரிக்கிறவர்கள் நீங்கள். பச்சைக் கொழுந்து தொழிற்சாலையில் உருட்டப்பட்டு, காற்றுப் பட்டுச் செம்பு நிறமாகி, காய்ந்து கறுப்புத் தூளாகி, சாயத்தண்ணியில் சிவப்பாக இறங்குகிறது. இதையே கதையாகச் சொல்லலாமே!

இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். மருந்தடிக்கும் கலன்களின் கலர் மூடிகளை விளையாடக் கொடுக்கவே கூடாது. 3 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் கொட்டை, பட்டன் போன்ற சின்னப் பொருள்களும் வேண்டாம், தொண்டையில் சிக்கும்.

5 வயதாகியும் சிவப்பையும் பச்சையையும் மாற்றி மாற்றிச் சொல்கிற பிள்ளை இருந்தால், அது சோம்பலென்று அடிக்காதீர்கள். சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே கண் அப்படி அமைந்துவிடும். ஆண் பிள்ளைகளிடம் இது கூடுதல். வைத்தியரிடம் காட்டி, பள்ளிக்கூட ஆசிரியரிடமும் சொல்லி வையுங்கள்.

வேலை விட்டு வரும்போது உடம்பு அசந்துபோகும் என்பது எங்களுக்குத் தெரியும். அடுப்பு மூட்டும்போது பத்து நிமிடம் பேசினாலே போதும். அதட்டலுக்குப் பயந்த பிள்ளை முதலாம் ஆண்டு வகுப்பிலும் வாய் திறக்காது. சிரித்து விளையாடிக் கற்ற பிள்ளை துணிந்து கை தூக்கும். அந்தத் துணிச்சலை நாம் எல்லோரும் சேர்ந்து கொடுப்போம்.