சிறு பொம்மைக்கு ஒரு குடை

(வெள்ளி விழாப் பொருட்காட்சியின்போது இளைஞர் அரங்கில் நிகழ்த்திய உரை)

    

பொருட்காட்சியில் நம் மாலைப் பள்ளியின் பிள்ளைகள் வைத்திருக்கும் பொம்மைகளைத் தாங்கள் எல்லோரும் கண்டிருப்பீர்கள். ஒரு முழ உயரங்கூட இல்லாத அவ்வுருவங்களுக்கு வேட்டி, துண்டு, கொடி, குடை ஆகியவற்றை எவ்வாறு செய்தீர்கள் என்று பலர் ஆவலோடு வினவினர். “இதற்காகவா பள்ளியின் நேரத்தைச் செலவிடுவது?” என்று கேட்டவர்களும் உண்டு. அவர்கள் மீது எங்களுக்கு வருத்தமில்லை. இரண்டு வினாக்களுக்கும் விடை கூறுமாறு பணித்து, கைத்தொழில் வகுப்பை நடத்தும் எங்களுக்கு இந்த அரை மணி நேரத்தை வழங்கியிருக்கின்றனர்.

கடைகளில் விற்கும் உருவப் பொம்மைகளைச் சற்று நினைத்துப் பாருங்கள். டென்மார்க் நாட்டு லீகோ நிறுவனம் 1978-ஆம் ஆண்டு வெளியிட்ட கைகால் அசையும் சிறு மனித உருவம் நான்கு செண்டிமீட்டர் உயரம் உடையது. 1959-இல் வந்த பார்பியும், 1964-இல் வந்த ஜி.ஐ. ஜோ என்னும் போர்வீரனும் ஏறத்தாழ முப்பது செண்டிமீட்டர் உயரத்தவை. இவற்றுக்கென மேலங்கி, சீருடை, விருந்துடை என்று ஆயிரம் ஆடைகள் விற்கின்றன. தோளில் துண்டு போட்ட ஒரு மனிதனை அக்கடைகளில் தேடித் தேடிப் பார்த்தோம், கிடைக்கவில்லை.

பொம்மை விளையாட்டுப் பொருள்தானே என்று தள்ளிவிடுவதற்கில்லை. அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மாமி கிளார்க் என்னும் கறுப்பின உளவியல் அறிஞர் தம்பதியர், நிறத்தில் மட்டும் வேறுபட்ட பொம்மைகளைக் குழந்தைகளின் முன் வைத்து, “எது நல்ல பொம்மை?” என்று கேட்டனர். கறுப்பினக் குழந்தைகளில் பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையைக் காட்டினர். 1954-ஆம் ஆண்டு, பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அதன் அடிக்குறிப்பில் கிளார்க்கின் ஆய்வுரையும் இடம் பெற்றது. பின்னர் 1968-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கறுப்பின மக்கள் ‘ஷிண்டானா’ என்ற பெயரில் தாங்களே ஒரு பொம்மைத் தொழிற்சாலையைத் தொடங்கினர். அது 1983 வரை நடந்தது. நமக்குத் தொழிற்சாலை இல்லை. ஆனால் இன்று நம் தெருவிலேயே பல வீடுகளில் ஓர் அச்சுப்பொறி இருக்கின்றது. பிள்ளைகளின் படிப்புக்கென வாங்கியது. விடுமுறையில் சும்மா கிடப்பது.

இனி ஆடைக்கு வருவோம். 1930-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியார் ஆதி திராவிடர் மீது எட்டுத் தடைகளை விதித்தனர். அடுத்த ஆண்டு அவை பதினொன்றாயின. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன் அவற்றைத் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். ஆடவர் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டலாகாது, சட்டையும் பனியனும் அணியலாகாது, பெண்கள் இரவிக்கையோ தாவணியோ உடுத்தலாகாது, வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கலாகாது, செருப்பு அணியலாகாது. இப்பட்டியலை வகுப்பில் படித்துக் காட்டியபோது, பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, “அப்படியென்றால் இவற்றையே பொம்மைக்குச் செய்வோம்” என்றாள். நாங்கள் மேற்கொண்ட வேலைக்குத் தொடக்கம் அதுவே.

முதலில் அளவு. முப்பது செண்டிமீட்டர் பொம்மை என்பது ஆறடி மனிதனின் ஆறில் ஒரு பங்கு. நாலு முழ வேட்டியை ஆறாக வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ முப்பதுக்கு இருபத்தொன்று என்று வரும். நம் ஏ4 தாளின் அளவும் அதுவே! இதைக் கண்டுபிடித்த அன்று வகுப்பில் எழுந்த ஆரவாரம் இன்னும் எங்கள் காதில் ஒலிக்கின்றது. எனினும் அச்சுப்பொறி தாளின் விளிம்பு வரை அச்சிடாது. நான்கு புறமும் சில மில்லிமீட்டர் விட்டுவிடும். ஆகவே வேட்டியைச் சற்றுக் குறைத்தே வரைதல் வேண்டும். ஓர் அங்குலக் கரை நான்கு மில்லிமீட்டர் ஆகிவிடும். அதற்குள் நுட்பமான பூவேலைப்பாட்டை வரைந்தால் துணியில் மை ஊறிப் பரவிக் கறையாகத்தான் தெரியும். இரண்டு கோடுகள் போதும். கணினியில் ‘தாளுக்கேற்பப் பொருத்துக’ என்னும் குறியை நீக்கி, நூறு விழுக்காடு என்று வைத்தே அச்சிடவேண்டும். இதை மறந்ததால் எங்கள் முதற் பொம்மைக்கு வேட்டி முழங்காலுக்கு மேலே நின்றது. எந்தத் தடையை உடைக்க வந்தோமோ அதனையே நிறைவேற்றிவிட்டோம் என்று சிரித்துக்கொண்டோம்.

ஆடை சுருங்கும், நூல் சுருங்காது. இதுவே இக்கலையின் பெரிய சங்கடம். நாம் உடுத்தும் சாதாரணத் துணியைப் பொம்மைக்குப் போர்த்தினால் அது சாக்குப் போல விறைத்து நிற்கும். எனவே இருப்பதில் மிக மெல்லிய பருத்தியைத் தேட வேண்டும். மல் துணி நல்லது; பலமுறை துவைத்து நைந்த பழைய வேட்டி அதனினும் நல்லது. புதுத் துணியானால் கஞ்சி போகத் துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்ட பின்னரே பயன்படுத்துக.

துணி தனியே அச்சுப்பொறிக்குள் செல்லாது. அமெரிக்காவில், ஒரு பக்கம் மெழுகு போன்ற பூச்சுள்ள சமையலறைத் தாளைத் துணியின் அடியில் வைத்துச் சூடாகத் தேய்த்து ஒட்டுகின்றனர். நம் ஊர்க் கடைகளில் அது கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக முழு ஏ4 அளவில் வரும் ஸ்டிக்கர் தாளை வாங்கி, அதன் பசைப் பக்கத்தில் துணியைச் சுருக்கமின்றி ஒட்டினோம். பின் தாளின் ஓரத்தோடு ஒட்ட வெட்டி, தொங்கும் நூலை ஒன்றுகூட விடாமல் கத்தரித்தோம். ஒரே ஒரு நூல் உள்ளே சிக்கியதால் ஓர் உறுப்பினர் வீட்டு அச்சுப்பொறி இரண்டு நாள் படுத்துவிட்டது. அந்த வீட்டாரின் பொறுமைக்கு இம்மேடையில் நன்றி தெரிவித்துக் கொள்கிறோம். மற்றொன்று: மை தெளிக்கும் இங்க்ஜெட் பொறியில் மட்டுமே இதைச் செய்யலாம். லேசர் பொறி கடுஞ்சூட்டில் பொடியை உருக்கி ஒட்டுவது. அதற்குள் பசைத்தாளை அனுப்பினால் பசை உருகிப் பொறியே பாழாகலாம்.

மையைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். பலர் ஏமாறுவது இங்குதான். மையில் இரண்டு வகை உண்டு. ஒன்று நீரில் கரையும் சாயம். மற்றொன்று நீரில் கரையாத நுண்பொடி நிறமி. சாயம் துணியில் பளிச்சென்று தோன்றும். ஒரு துளி நீர் பட்டால் ஓடிவிடும். நிறமி சற்று மங்கலாயினும் நிற்கும். இல்லங்களில் உள்ள பல பொறிகளில் கறுப்பு மட்டும் நிறமியாகவும் மற்றை வண்ணங்கள் சாயமாகவும் இருக்கின்றன. தங்கள் பொறியில் எது எது என்பதை அறிய ஒரு சிறு துணித்துண்டில் எல்லா வண்ணங்களையும் அச்சிட்டு, ஒரு நாள் உலரவிட்டு, நீரில் நனைத்துப் பாருங்கள். எங்கள் பொறியில் நீலம் முழுதும் கழன்று நீரில் போயிற்று. அண்ணல் அம்பேத்கரின் நீலக் கோட்டை அச்சிட்டிருந்த பிள்ளைகளின் முகம் அன்று வாடிய வாட்டத்தைச் சொல்லி முடியாது.

அப்போதுதான் பழைய சாயக்காரர்களின் நினைவு வந்தது. பதினேழாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கடற்கரையிலிருந்து ஐரோப்பாவிற்குக் கப்பலேறிய வண்ணத் துணிகளின் சிவப்பு, படிகாரம் ஏற்றிய துணியில் சாயவேர் பிடித்ததால் நிலைத்த சிவப்பு. நாமும் படிகாரக் கரைசலில் துணியை நனைத்து உலர்த்தி அச்சிட்டுப் பார்த்தோம். ஓரளவே பயன் தந்தது. ஓட்டம் குறைந்தது, நிற்கவில்லை. முடிவில், நீலக் கோட்டை நனைக்காமலிருப்பது என்று தீர்மானித்தோம். பொம்மை வியர்ப்பதில்லை அல்லவா!

வீட்டுப் பொறியில் வெள்ளை மை கிடையாது என்பதையும் மறக்கலாகாது. துணியின் வெண்மைதான் வெள்ளை. நீலக் கொடியின் நடுவே வெண்சக்கரம் வேண்டுமானால், நீலத் துணியில் வெள்ளையை அச்சிட முடியாது. வெள்ளைத் துணியில் சக்கரத்தை விட்டுச் சுற்றிலும் நீலத்தை அச்சிட வேண்டும். கொடியின் இரு பக்கமும் தெரிய, இரண்டு முகங்களை அருகருகே அச்சிட்டுக் கம்பத்தைச் சுற்றி மடித்து ஒட்டுக. கம்பத்தை ஒட்டி வரும் சின்னம் இரு முகத்திலும் நடுமடிப்பை ஒட்டியே அமையவேண்டும். ஆனால் எழுத்தைத் திருப்பாதீர். நாங்கள் முன்யோசனையின்றித் திருப்பி, ‘கல்வி’ என்ற சொல்லைக் கண்ணாடியில் பார்த்துப் படிக்கும்படி செய்துவிட்டோம்.

ஓரங்களை மடித்துத் தைக்காதீர்கள். இவ்வளவு சிறிய ஆடையில் மடிப்பு கயிறு போலத் தடிக்கும். வெட்டப்போகும் கோட்டின்மேல் வெள்ளைப் பசையை மெல்லத் தடவி, உலர்ந்த பின் கூரிய கத்தரியால் வெட்டினால் நூல் பிரியாது. சாய மையானால் பசையின் ஈரமே நிறத்தைக் கலைக்கும். அங்கு நிறமற்ற நகப்பூச்சு உதவும். தோளில் தொங்கும் துண்டைத் துணியின் நூலோட்டத்திற்குக் குறுக்குச் சாய்வாக வெட்டினால் விறைக்காமல் விழும். லீகோ போன்ற மிகச் சிறு உருவத்திற்கு, கழுத்து நுழையும் துளையிட்டு, தலையைக் கழற்றி மாட்டுவதே வழி; முதலில் காகிதத்தில் வெட்டிப் பொருத்திப் பார்த்துவிடுங்கள். மூன்று வயதிற்குட்பட்ட குழந்தைகளின் கைக்கு இவை எதுவும் எட்டலாகாது; விழுங்கிவிடுவர். நிறுவனங்களின் முத்திரைகளை அச்சிட்டு விற்கும் எண்ணமும் வேண்டாம். அது சட்டப்படி பிறர் உடைமை.

குடைதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. ஒரு மீட்டர் குடை ஏறத்தாழப் பதினேழு செண்டிமீட்டர் வட்டமாகும். வட்டமாக வெட்டிய துணி தட்டையாகவே கிடக்கும், கவியாது. எட்டுப் பிரிவு வரைந்து ஒன்றை வெட்டி ஒட்டினால் கவியும். ஆனால் ஏழு பிரிவுக் குடையை யார் கண்டது? ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன், “ஒன்பதாக வரைவோம், ஐயா” என்றான். ஒவ்வொன்றும் நாற்பது பாகை. ஒன்றை நீக்கி ஒட்ட, எட்டுப் பிரிவுக் குடை கவிந்து நின்றது. பிரிவுகளுக்கிடையே மயிரிழை போல் வெண்கோடு விட்டுக் கறுப்பில் அச்சிட்டோம். மையை ஏராளமாகக் குடித்தது. அப்படியும் முழுக் கறுப்பு வரவில்லை. வெயிலில் வெளுத்த பழங்குடையின் நிறம் வந்தது. அதுவே பொருத்தம் என்று விட்டுவிட்டோம். விளக்குமாற்று ஈர்க்குகள் எட்டு, வளைத்த கம்பி ஒன்று, குடை முடிந்தது.

பொம்மையின் துண்டை இடுப்பில் கட்டி, அக்குளில் மடக்கிய குடையை இடுக்கி, ‘அந்நாளில்’ என்று எழுதி வைத்தோம். பொருட்காட்சிக்கு முதல் நாள் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் வந்து நெடுநேரம் நின்று பார்த்தார். “எங்கள் அப்பா இப்படித்தான் போவார். ஆனால் ஊர்த்தெரு தாண்டியதும் துண்டு தோளுக்கு வந்துவிடும். குடையை விரித்துவிடுவார். அதை ஏன் காட்டவில்லை?” என்றார்.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். சிலர் பொம்மையின் துண்டை உடனே மாற்ற வேண்டும் என்றனர். சிலர், மடக்கிய குடையும் உண்மைதானே என்றனர். இரவு ஒன்பது மணிக்கு மீண்டும் ஸ்டிக்கர் தாளில் துணி ஒட்டி, ஒன்பது பிரிவு வட்டத்தை இன்னொரு முறை அச்சிட்டோம். பொருட்காட்சியில் தாங்கள் கண்ட இரண்டாவது மனிதர், அருகிலேயே நான்கு விரற்கடை தள்ளி நிற்பவர், அவ்விரவு உருவானவர்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மாலைப் பள்ளிக் கட்டடத்தில் இதன் பயிற்சி தொடங்குகிறது. வருவோர் நைந்த வெள்ளை வேட்டி ஒன்றும், கூரிய கத்தரி ஒன்றும், தங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டறிந்த ஆடை விவரம் ஒன்றும் கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறோம். ஸ்டிக்கர் தாள் நாங்கள் தருவோம்.